அப்பா காலத்துத் துப்பாக்கியும் மக்காச்சோளக் காட்டுப் பன்றியும்

‘‘பயிர்ப் பாதுகாப்புக்காக அப்பா பெயரில் லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. அப்பா போன வருஷம் தவறிவிட்டார். இரண்டரை ஏக்கர் மக்காச்சோளமும் ஒரு ஏக்கர் நிலக்கடலையும் போட்டிருக்கிறோம். பன்றித் தொல்லை தாங்க முடியவில்லை. பன்றியைச் சுடலாம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அந்தத் துப்பாக்கிக்கு எவ்வளவு மருந்து, என்ன குண்டு போட்டால் பன்றி விழும்? அமெரிக்காவில் மருந்து கெட்டிக்கிற கைத்துப்பாக்கியை வைத்தே மானும் பன்றியும் அடிக்கிறார்கள் என்று மச்சான் வீடியோ காட்டுகிறார். அதுபோல் சின்னதாக ஒன்று வாங்க முடியுமா?’’

- தர்மபுரி மாவட்ட வாசகர் ஒருவர்

மருந்து, குண்டு கணக்குக்கு முன்னால் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று இந்தக் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது. லைசென்ஸ் அப்பா பெயரில் இருந்தது. அப்பா இல்லை. அப்படியென்றால் இன்று அந்த வீட்டில் இருப்பது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. ஆயுதச் சட்டம் 1959, லைசென்ஸ்தாரர் இறந்தாலோ லைசென்ஸ் காலாவதியானாலோ, துப்பாக்கியைத் தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ, அனுமதி பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்கிறது. பரணில் சாக்கில் சுற்றி வைத்திருந்தாலும் ‘வைத்திருந்தது’ என்பதே குற்றம். 2019-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. ஒரு போகம் மக்காச்சோளத்தைக் காப்பாற்றப் போய் இதில் மாட்டிக்கொண்டால், வக்கீல் செலவுக்கு நிலத்தையே விற்க வேண்டிவரும்.

ஒப்படைத்துவிட்டால் துப்பாக்கி போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய லைசென்ஸ் புத்தகம் மூன்றையும் வைத்து, வாரிசுகளில் ஒருவர் தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தால் இழுபறி குறையும். போலீஸ் விசாரணை நடக்கும், நாளாகும். அதுவரை துப்பாக்கி ஸ்டேஷனிலேயே இருக்கட்டும். கொடுக்கும்போது ரசீது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்கொண்டு போவதற்கு முன்பு இன்னொரு எச்சரிக்கை. தோட்டா போடுகிற துப்பாக்கியை மடக்கிப் பார்த்தால், உள்ளே தோட்டா இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியும். மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியில் அது தெரியாது. அப்பா கடைசியாகக் காவலுக்குப் போன ராத்திரி கெட்டித்து, சுடாமல் கொண்டுவந்து மாட்டியிருந்தால், அந்த மருந்தும் குண்டும் இன்னும் குழலுக்குள்தான் இருக்கும். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும். நிப்பிளில் கேப் இல்லையென்பதால் துப்பாக்கி காலி என்று அர்த்தமில்லை. வாயை வைத்து ஊதிப் பார்ப்பது, கேப் போட்டு இழுத்துப் பார்ப்பது, குழலைச் சூடு காட்டுவது எல்லாம் உயிரோடு விளையாடுவது. பிள்ளைகளை விலக்கிவிட்டு, துப்பாக்கியைத் தொடாமல் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, ‘உள்ளே மருந்து இருக்கலாம்’ என்று முன்கூட்டியே தெரிவிப்பதுதான் சரி. பழகிய ஆளாக இருந்தால், குழலின் நீளத்தை வெளியே ஒரு மரக்குச்சியால் அளந்து, அதே குச்சியை உள்ளே விட்டு வித்தியாசம் பார்ப்பார். பழக்கமில்லாதவர் அதையும் செய்ய வேண்டியதில்லை.

இனி துப்பாக்கிக்கு வருவோம். இந்த நாட்டில் ‘மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி’க்குச் சட்டத்திலேயே தனி இடம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காகக் கேட்பவர்களுக்கு இந்த வகைத் துப்பாக்கியைத்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அது போதாது என்று லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரிக்குத் தோன்றினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள வேறு மொழுக்குக் குழல் துப்பாக்கியைக் கொடுக்கலாம். லைசென்ஸ் தாள்களில் ‘எஸ்.பி.எம்.எல்’ என்று எழுதியிருப்பது இதைத்தான். இலங்கையில் வன்னிப் பக்கம் இதற்கு ‘இடியன் துவக்கு’ என்று பெயர். கம்பியால் இடித்து இடித்துக் கெட்டிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் புரியும்.

ஒரு வேட்டுக்கும் அடுத்த வேட்டுக்கும் நடுவில் நிறைய வேலை இருக்கிறது. மருந்து, அதன் மேல் தக்கை, பிறகு ரவை, அது உதிராமல் இருக்க இன்னொரு தக்கை, கடைசியில் கேப். அவ்வளவும் முடிவதற்குள் பன்றிக் கூட்டம் அடுத்த ஊர் எல்லையைத் தாண்டியிருக்கும். சட்டம் இதைப் பயிர்க் காவலுக்குப் பொருத்தமாக எடுத்துக்கொண்டதற்கு இந்த மெதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

‘எவ்வளவு மருந்து?’ என்ற கேள்விக்குப் பொதுவாக ஒரு அளவைச் சொல்ல முடியாது. சொல்பவரை நம்பவும் கூடாது. அளவு குழலைப் பொறுத்தது: உள்விட்டம், இரும்பின் கனம், உள்ளே துரு அரித்திருக்கிறதா, நிப்பிளின் மரை தேய்ந்திருக்கிறதா என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். லைசென்ஸ் பெற்ற தொழிற்சாலையில் செய்து சோதனை முத்திரை குத்திய குழலுக்கு ஒரு கணக்கு உண்டு. தண்ணீர்க் குழாயை அறுத்து, பின்புறம் அடைத்துப் பற்றவைத்த குழலுக்கு எந்தக் கணக்கும் கிடையாது; ஒன்பது முறை தாங்கியது பத்தாவது முறை முகத்தில் வெடிக்கும். முப்பது வருஷம் பரணில் கிடந்த நல்ல துப்பாக்கியும் அனுமதி பெற்ற பழுதுபார்ப்பவர் பார்த்துச் சொல்லாதவரை இந்த இரண்டாவது ரகம்தான்.

மருந்து என்றால் கருமருந்து மட்டுமே. நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் என்பது பழைய கலவை. அதை லைசென்ஸில் எழுதியிருக்கும் அளவுக்கு, அனுமதி பெற்ற கடையில்தான் வாங்க வேண்டும். தோட்டாவைப் பிரித்து அதிலிருக்கும் புகையில்லா மருந்தைக் கொட்டினால் அழுத்தம் பல மடங்கு ஏறும், குழல் பிளக்கும். தீபாவளிப் பட்டாசை உடைத்து மருந்து எடுப்பது அதைவிட மோசம். சத்தத்துக்காகவும் வெளிச்சத்துக்காகவும் அலுமினியப் பொடி சேர்த்த கலவை அது. கருமருந்து தள்ளும், பட்டாசு மருந்து தகர்க்கும். கிராமங்களில் விரல் போனவர்கள், கண் போனவர்கள் பலரிடம் விசாரித்தால், கதை இந்த இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்கும்.

குழலுக்குள் குண்டு மருந்தின் மேல் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும் என்பதும் பலர் அறியாத ஒன்று. நடுவில் நின்றுபோனால், மருந்து எரிந்து வரும் வாயு அந்த இடத்தில் முட்டிக் குழலை வீங்க வைக்கும். சில சமயம் கிழிக்கும். அதனால்தான் பழைய ஆட்கள் கெட்டிக்கும் கம்பியில் ஒரு கோடு கீறி வைத்திருப்பார்கள். கோடு குழலின் வாயோடு சேர்ந்தால் சரி. மேலே நின்றால் குண்டு இறங்கவில்லை என்று அர்த்தம். கேப் வெடித்து மருந்து பிடிக்காமல் போனால், உடனே குழலைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. நெருப்பு உள்ளே புகைந்துகொண்டிருந்து, சில விநாடி கழித்து வெடிப்பது உண்டு.

குண்டு விஷயத்தில் ஊரில் ஓடுவது பெரும்பாலும் சைக்கிள் பால்ரஸ். ஈயம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 11 கிராமுக்கு மேல் கனக்கும். எஃகு 8 கிராமைத் தொடாது. ஒரே அளவு உருண்டையில் பால்ரஸுக்கு எடை மூன்றில் ஒரு பங்கு குறைவு. எடை குறைந்தால் காற்றிலேயே வேகம் இழக்கும், உள்ளே இறங்காது. பாறையிலும் மரத்திலும் பட்டால் ஈயம் நசுங்கும். பால்ரஸ் தெறித்துத் திரும்பும். எதிர் வரப்பில் காவல் இருக்கும் பங்காளி மேல் போய்ப் படுவது இப்படித்தான்.

ரவை போட்டால் பன்றி விழுமா என்பது அடுத்த சந்தேகம். வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோள்பட்டையிலும் விலாவிலும் தோலுக்கடியில் கெட்டியான தடித்த சதை கேடயம்போல் இருக்கும். பன்றிகள் ஒன்றோடொன்று தந்தத்தால் குத்திச் சண்டையிடுவதற்காக இயற்கை கொடுத்த கவசம் அது. பறவைக்குப் போடுகிற சின்ன ரவை அதில் தைத்து நிற்கும், அவ்வளவுதான். பன்றி சாகாது, ஓடிவிடும். காயம் சீழ் பிடித்து, புதரில் படுத்துக் கிடந்து, காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிற ஆளின் தொடையைக் கிழிக்கும். அரைகுறையாகச் சுடுவது பன்றிக்கும் சித்திரவதை, ஊருக்கும் ஆபத்து.

மச்சான் காட்டிய வீடியோவில் இருப்பது வேறு உலகம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கென்றே தனி வேட்டைப் பருவம் இருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. கைத்துப்பாக்கியை அனுமதிக்கும் மாநிலங்களும் உண்டு, குழல் விட்டத்துக்குக் கீழ் வரம்பு வைப்பவையும் உண்டு. அங்கே இந்தத் துப்பாக்கியைக் கையில் எடுப்பவர்கள் பயிரைக் காப்பாற்ற எடுப்பதில்லை. சிரமப்பட்டு, பக்கத்தில் போய், ஒரே வேட்டில் முடிக்க வேண்டும் என்ற விருப்பத்துக்காக எடுக்கிறார்கள்.

அவர்கள் பார்க்கிற கணக்கைத் தெரிந்துகொண்டால், நமக்கு ஏன் அது உதவாது என்று விளங்கும். அரை அங்குல விட்டமுள்ள குழலுக்குப் போடும் உருண்டை ஈயக்குண்டு சுமார் 11.5 கிராம். 0.45 அங்குலக் குழலுக்கு 8 கிராமைச் சற்றே தாண்டும். 0.54 அங்குலத்துக்கு 14.5 கிராம். விட்டம் கொஞ்சம் கூடினாலும் எடை வேகமாக ஏறுவதைக் கவனிக்கலாம். விட்டம் இரட்டித்தால் எடை எட்டு மடங்கு. அதனால்தான் பெரிய மிருகத்துக்குப் போகிறவர்கள் மருந்தைக் கூட்டுவதைவிடப் பெரிய விட்டத்தைத் தேடுகிறார்கள். கைத்துப்பாக்கியின் குழல் ஒரு சாண் சொச்சம். மருந்து எரிந்து குண்டைத் தள்ளுவதற்கு அதற்குமேல் வழியில்லை. ஒரு அளவுக்கு மேல் கொட்டுகிற மருந்து, குழல் வாயில் தீயாகவும் கையில் உதையாகவும் வீணாகிறது. நீளக்குழலில் போகிற அதே குண்டு, குட்டைக் குழலில் மெதுவாகத்தான் போகும். வேகம் பாதியானால் அடியின் சக்தி கால்வாசி. அதனால் அங்கே பழகிய ஆட்களே 25 கெஜம், மிஞ்சினால் 50 கெஜத்துக்குள் மிருகம் பக்கவாட்டில் நின்றால்தான் விசையைத் தொடுகிறார்கள். இல்லாவிட்டால் அன்றைக்கு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

குண்டு தேர்வும் அதையொட்டியதுதான். நகத்தால் கீறினால் கோடு விழுகிற சுத்த ஈயம் மிருகத்தின் உடம்பில் பட்டதும் விரியும். சக்கர எடையை உருக்கிய ஈயத்தில் வேறு உலோகம் கலந்திருப்பதால் கெட்டி, துளைக்கும், விரியாது. கூம்பு வடிவக் குண்டு கனம் அதிகம், ஆழமாக இறங்கும். ஆனால் குழலுக்குள் இருக்கும் முறுக்கு வரி நெருக்கமாக இருந்தால்தான் நேராகப் போகும். நிதானமான முறுக்குள்ள குழலுக்கு, எண்ணெய்த் துணி சுற்றிய உருண்டைதான் ஒத்துவரும். தோட்டாத் துப்பாக்கிக்காகச் செய்த குழிமுனைக் குண்டை இதில் போட்டால், அது விரிவதற்கு வேண்டிய வேகமே இந்தக் குட்டைக் குழலில் கிடைக்காமல் போகலாம். இதையெல்லாம் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் காகிதக் குறியில் பல நாள் சுட்டு, ஒரு மருந்தளவையும் ஒரு குண்டையும் தேர்ந்தெடுத்து, பிறகு மாற்றாமல் வைத்துக்கொள்கிறார்கள். நம் வாசகரின் துப்பாக்கிக் குழலோ மொழுக்கு. முறுக்கு வரியே கிடையாது. அந்தக் கணக்கில் ஒன்றுகூட இங்கே அப்படியே பொருந்தாது.

வாங்க முடியுமா என்று கேட்டால், பயிர்ப் பாதுகாப்புக்கென்று 13-வது பிரிவு சொல்லும் துப்பாக்கிகளில் கைத்துப்பாக்கி இல்லை. யாராவது ‘வாங்கித் தருகிறேன்’ என்றால் அது கள்ளத் துப்பாக்கி.

அடுத்தது, ‘சுடலாம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது’ என்ற பேச்சு. பாதி உண்மை. 2025 ஜனவரியில் தமிழக வனத்துறை அமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது இதுதான்: வன எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம். ஆனால் சுடுவது வனத்துறையின் ஆட்கள், விவசாயி அல்ல. கேரளாவில் 2022-லிருந்து உள்ளாட்சித் தலைவர்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் கொடுத்து, லைசென்ஸ் வைத்திருப்பவர்களைப் பயன்படுத்துகிறார்கள். அதைக் கேட்டுவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் அதிகம். அங்கும்கூட விஷம், வெடி, மின்சாரம் வைத்துக் கொல்லக் கூடாது.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபின், காட்டுப்பன்றி இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. பயிருக்கு ஆபத்து என்றால் தலைமை வனவிலங்குக் காப்பாளர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்த அலுவலர் 11-வது பிரிவின்படி எழுத்தில் உத்தரவிடலாம். அந்த உத்தரவு இல்லாமல் சுட்டால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். சரணாலயத்துக்குள் என்றால் இன்னும் கடுமை. லைசென்ஸ் உள்ள துப்பாக்கி என்பது இந்தக் குற்றத்துக்குக் கவசம் ஆகாது. அது வேறு சட்டம், இது வேறு சட்டம். உத்தரவோடு சுட்ட பன்றியும் அரசாங்கச் சொத்து. கறியைப் பங்கு போட்டாலும் வழக்குதான்.

ஆகவே இந்த வாசகர் செய்ய வேண்டியது: துப்பாக்கியை ஒப்படைப்பது, சேதமான வயலைத் தேதியோடு போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ-விடம் அடங்கல் வாங்கி, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கும் பன்றியை அப்புறப்படுத்தவும் தனித்தனி மனு கொடுப்பது. வன எல்லையிலிருந்து தோட்டம் எத்தனை கிலோமீட்டர் என்பதை மனுவிலேயே எழுதிவிட வேண்டும், ஏனென்றால் அதை வைத்துத்தான் முடிவே. ஒருவர் கொடுப்பதைவிட அதே பகுதியில் நாலைந்து பேர் சேர்ந்து கொடுத்தால் கவனிப்பு வேறு. மக்காச்சோளத்தைச் சுற்றிச் சில வரிசை ஆமணக்கை நெருக்கமாகப் போடுவது, கதிர் பால் பிடிக்கும் மூன்று வாரத்துக்குச் சூரியசக்தி வேலியை ஒழுங்காகப் பார்த்துக்கொள்வது இரண்டும் துப்பாக்கியைவிட அதிகக் கதிரைக் காப்பாற்றும்.

‘‘கரன்டை நேரடியாகக் கம்பியில் கொடுத்தால் என்ன? ராத்திரி மட்டும்தானே?’’

- சேலம் மாவட்ட வாசகர்

வேண்டவே வேண்டாம். சூரியசக்தி வேலியில் விநாடிக்கு ஒருமுறை நொடிப்பொழுது மட்டும் அடித்து விட்டுவிடுகிற மின்துடிப்பு வரும். தொட்டவர் உதறிக்கொண்டு விலகலாம். வீட்டு மின்சாரம் விடாமல் ஓடும்; தொட்டவரை விடாது. செத்துப்போவது பெரும்பாலும் பன்றி அல்ல. ராத்திரி மோட்டார் போட வந்த பக்கத்துக் காட்டுக்காரர், அல்லது காலையில் சுவிட்சை அணைக்க மறந்த வீட்டுக்காரரே. கொலைக்குச் சமமான வழக்கும் வரும். பழத்துக்குள் வெடி வைக்கிற அவுட்டுக்காய்க்கும் இதே பதில். அதைக் கடித்துத் தாடை சிதறுவது பன்றி மட்டுமல்ல. மேயப் போன பசுவும், யானையும்தான்.

‘‘லைசென்ஸ் செல்லுபடியாக இருக்கிறது. குண்டே போடாமல், சத்தத்துக்காக மட்டும் மருந்து கெட்டித்துச் சுடலாமா?’’

- ஈரோடு மாவட்ட வாசகர்

பயிர்க் காவலில் இந்தத் துப்பாக்கிக்கு இன்றைக்கு மிச்சமிருக்கும் நியாயமான வேலை இதுதான். ஆனால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் தெரிவித்துவிட்டுச் செய்வது நல்லது. காட்டை ஒட்டிய தோட்டமாக இருந்தால், வேட்டுச் சத்தம் கேட்டு வருகிற வனக்காவலருக்கு அது வேட்டையா வெறும் சத்தமா என்று தெரியாது. குண்டு இல்லாவிட்டாலும் குழல் வாயிலிருந்து தீயும் தக்கையும் பறக்கும். சோளத்தட்டைப் போர், கூரை, ஆள் இருக்கும் பக்கம் காட்டக் கூடாது. தேங்காய் நாரைத் தக்கையாக வைத்தால் எரிந்துகொண்டே போய் விழும், கோடையில் அது ஆகாது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சுட்டால் நாலாம் நாள் பன்றி காதைக்கூட அசைக்காது. இடத்தையும் நேரத்தையும் மாற்ற வேண்டும். சுட்ட அன்றே குழலைச் சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் எண்ணெய் தடவி வைக்க வேண்டும். கருமருந்துக் கசடு காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே ராத்திரியில் துருவை ஆரம்பித்துவிடும். வீட்டுக்குள் கொண்டுவரும் முன் குழல் காலியாக இருக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்த மாதத்தில் கதிர் முற்றுகிற மாதிரி விதைத்திருந்தால், காவலுக்குத் தகரம்தான்.